தேசிய நெடுஞ்சாலை: திட்டம், நிலம், கட்டுமானம், பாதுகாப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வழிச் சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களும் அதில் தினமும் வண்டி ஓட்டுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு; உதாரணங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து. சட்டப் பிரிவு எண்களைச் சொல்லியிருப்பது மனு எழுதும்போது கைகொடுக்கும் என்பதற்காக.

நேஷனல் ஹைவே, ஸ்டேட் ஹைவே, எக்ஸ்பிரஸ்வே எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?

இல்லை. யார் பணம் போடுகிறார்கள், யாரிடம் முறையிட வேண்டும், எந்த விதி செல்லும் என்பதெல்லாம் இதைப் பொறுத்து மாறும். தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பு. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் அதற்கு அடிப்படை. அவற்றைக் கட்டிப் பராமரிப்பதற்கென்று 1988இல் தனிச் சட்டம் வந்து, 1995இல் செயல்படத் தொடங்கியதுதான் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். மாநில நெடுஞ்சாலை மாநில அரசின் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது.

எக்ஸ்பிரஸ்வே என்ற பெயர் சாலை யாருடையது என்பதைச் சொல்வதில்லை, அதன் அமைப்பைச் சொல்கிறது. நினைத்த இடத்தில் அதில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இருபுறமும் வேலி இருக்கும். குறுக்கே போகிற ஊர்ச்சாலைகள் மேலேயோ கீழேயோ கடந்துவிடும். 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே சாலை அப்படிப்பட்டது. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலையும் அந்த வகைதான். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலை அப்படியல்ல. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், டீக்கடை, வயலுக்குப் போகும் மண்பாதை எல்லாம் அதை ஒட்டியே இருக்கின்றன. ஓடுகிற வேகம் விரைவுச்சாலையின் வேகம், சுற்றியிருக்கும் வாழ்க்கை ஊர்ச்சாலையின் வாழ்க்கை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு வேர் இந்த முரண்தான்.

எங்கள் ஊர் வழியாகப் போவது யாருடைய ரோடு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆனால் மஞ்சள் கல் இருந்தாலே அது ஆணையத்தின் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் சில தேசிய நெடுஞ்சாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவே கவனிக்கிறது. டோல்கேட் உள்ள நான்கு வழிச் சாலை பெரும்பாலும் ஆணையத்துடையது. மனு கொடுக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மனு தவறான அலுவலகத்தில் போய்க் கிடக்கும்.

சாலை எண்கள் 2010இல் மாற்றப்பட்டன. வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை எண். சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் பழைய 7ஆம் எண் சாலை இப்போது ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் சாலையின் பகுதி. பழைய பத்திரத்தில் பழைய எண் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

நாலு வழி ஆக்கினால் விபத்து குறையும் என்றார்கள். எங்கள் ஊரில் சாவு கூடியிருக்கிறதே?

நடுவில் மீடியன் வந்ததும் ஒரு வகை விபத்து நன்றாகவே குறையும்: எதிரெதிரே வரும் வண்டிகள் நேருக்கு நேர் மோதுவது. அந்த இடத்தை வேறு சில விபத்துகள் பிடித்துக்கொள்கின்றன. குறுக்கே கடப்பவர் மீது மோதுவது, யு-டர்ன் போட ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டுமே என்று தவறான பக்கத்தில் வருபவர் மீது மோதுவது, ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதுவது.

கணக்குப் போட்டால் புரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு இரண்டரை நொடி ஆகும் என்று சாலை வடிவமைப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் 70 மீட்டர் போய்விடும். முழுதாக நிற்க 180 மீட்டர் வேண்டும் என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரக்கணக்கு. வயதான ஒருவர் ஒரு பக்கத்தின் இரண்டு வழித்தடங்களை நடந்து கடக்க ஏழெட்டு நொடி ஆகும். அந்த நேரத்தில் கார் 200 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவர் சாலையில் கால் வைக்கும்போது அந்தக் கார் கண்ணுக்குப் பெரிதாகவே தெரிந்திருக்காது. இதில் அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நாடு முழுவதும் 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் இறந்தவர்களில் 36 சதவீதம் பேர் விரைவுச்சாலைகளையும் சேர்த்து அந்தச் சாலைகளில்தான் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு முதலிடம்: 64,105.

ஊர் முனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டால் தீர்ந்ததே. ஏன் மறுக்கிறார்கள்?

இந்த ஒரு விஷயத்தில் மறுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வேகமாக ஓடும் சாலையில் திடீரென்று மேடு வந்தால் முன்வண்டி பிரேக் அடிக்க, பின்வண்டி அதில் ஏறும். இரவில் பைக்கில் வருபவர் தூக்கி எறியப்படுவார். அதனால் தேசிய நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் வேகத்தடை கூடாது என்பதுதான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிலை. ஊர்ச்சாலை வந்து நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில், ஊர்ச்சாலையின் மேல் வேகத்தடை போடலாம், போடவும் வேண்டும். அதைக் கேளுங்கள். பிரதான பாதைக்கு ஒலி எழுப்பும் பட்டைக்கோடுகள், முன்னெச்சரிக்கைப் பலகை, விளக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். இவை தற்காலிக ஏற்பாடுகள்தான். நிரந்தரத் தீர்வு, சாலைக்கு அடியில் கடந்துபோகும் அண்டர்பாஸ். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கார் எவ்வளவு வேகம் போகலாம்? 100ஆ, 120ஆ?

பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, மீடியன் உள்ள நான்கு வழிச் சாலையில் 100 என்று உச்சவரம்பை உயர்த்தியது. பஸ், லாரி, பைக்குகளுக்கு வரம்பு அதைவிடக் குறைவு. விபத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவரின் இழப்பீட்டு வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. வேகம்தான் சாவுக்கு முதன்மைக் காரணம் என்று தெரிந்த பிறகு வரம்பை ஏன் உயர்த்த வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. சரியான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். மூன்றாவது கேள்விக்கான பதிலில் இருக்கும் கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

மத்திய அரசு சொல்வது உச்சவரம்பு மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட சாலைக்கோ பகுதிக்கோ மாநில அரசு அதைவிடக் குறைவான வரம்பை வைக்கலாம்.

பைக்கில் ஹைவேயில் போகக் கூடாது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

சாதாரண நான்கு வழிச் சாலையில் போகலாம். கட்டுப்பாடு விரைவுச்சாலைகளில்தான். பெங்களூரு–மைசூரு சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்குத் தடை; அவை சர்வீஸ் ரோட்டில் போக வேண்டும். இது பாரபட்சம் என்று பலருக்குக் கோபம் உண்டு. ஆனால் காரும் பைக்கும் இவ்வளவு வேக வித்தியாசத்தில் ஒரே தடத்தில் ஓடினால் அடிபடுவது எப்போதும் பைக்தான். கேட்க வேண்டியது வேறு: சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருக்கிறதா? பாதியில் நின்று மறுபடி பிரதான பாதையில் கொண்டுபோய் விடுகிறதா? அப்படி விட்டால் தடை போட்டதன் அர்த்தமே போய்விடும்.

பிளாக் ஸ்பாட் என்று அறிவிக்க எத்தனை பேர் சாக வேண்டும்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது, கோபம் நியாயமானது. பிளாக் ஸ்பாட் என்றால் விபத்து திரும்பத் திரும்ப நடக்கும் இடம். அதற்கு அமைச்சகத்தின் வரையறை இப்படி: தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளமுள்ள ஓர் இடத்தில், மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைந்த விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். பத்து பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொடுங்காயமும் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு 'சமாதானமாகப் போய்விடலாம்' என்று வழக்குப் பதியாமல் விட்ட விபத்து இந்தக் கணக்கில் ஏறாது. அதனால் ஒவ்வொரு விபத்தையும் பதிவு செய்ய வையுங்கள். முதல் தகவல் அறிக்கையில் கிலோமீட்டர் கல் எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது போலீசார் விபத்து விவரங்களை ஏற்றும் தேசியத் தரவுத்தளத்தை வடிவமைத்தது சென்னை ஐ.ஐ.டி.தான், இடம் சரியாகப் பதிவானால் மட்டுமே அந்தத் தரவு உங்கள் ஊருக்கு உதவும்.

அறிவித்த பிறகு என்ன செய்வார்கள்? போர்டு வைப்பதோடு சரியா?

பல இடங்களில் போர்டு, ஒளிரும் ஸ்டட், பெயின்ட் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அவை குறுகிய கால நடவடிக்கைகள். நீண்ட கால நடவடிக்கை என்றால் சாலையின் வடிவத்தையே திருத்துவது: வளைவை நேராக்குவது, அண்டர்பாஸ் கட்டுவது, சந்திப்பை மாற்றுவது. தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் நல்ல உதாரணம். நீண்ட இறக்கம், பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகின்றன, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. எச்சரிக்கைப் பலகையை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் சரிவு குறையாது. அதனால்தான் அங்கே தடத்தையே மாற்றி உயர்மட்டச் சாலை கட்டும் திட்டத்துக்குப் போனார்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? கலெக்டருக்கு ஹைவே மேல் அதிகாரம் உண்டா?

உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர், போலீஸ், போக்குவரத்துத் துறை எல்லாரும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அது. தனித்தனியாக அலைவதைவிட அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் உங்கள் ஊரைச் சேர்க்க வைப்பது நல்லது.

இந்தக் குழுக்கள் உயிர்பெற்றதன் பின்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் அடிபட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2014இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைந்தது. மாவட்டந்தோறும் குழு வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கலெக்டர் அலுவலக மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

ரோடு எங்கே போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? நம்மைக் கேட்பதே இல்லையே?

விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவார்கள். சுருக்கமாக டி.பி.ஆர். என்பார்கள். அவர்கள் வண்டிகளை எண்ணுவார்கள், மண் பரிசோதனை செய்வார்கள், இரண்டு மூன்று தடங்களை வரைந்து ஒப்பிடுவார்கள். இருக்கிற சாலையை அகலப்படுத்துவதா, ஊருக்கு வெளியே பைபாஸ் போடுவதா, வயல்வெளியில் புதிதாகவே போடுவதா என்பது அங்கேதான் ஏறக்குறைய முடிவாகிறது. ஊருக்குள் யாரோ குச்சியும் கருவியும் வைத்து அளந்துகொண்டிருந்தால், அவர்கள் யாருக்காக அளக்கிறார்கள் என்று அன்றே விசாரியுங்கள். பிறகு கிராம சபையில் தீர்மானம் போட்டு, திட்ட இயக்குநருக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். எந்த இடத்தில் எத்தனை பேர் தினமும் கடக்கிறார்கள், பள்ளி எந்தப் பக்கம், சுடுகாடு எந்தப் பக்கம், ஏரித் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் சொன்னால்தான் அந்த அறிக்கையில் வரும்.

அண்டர்பாஸ் கேட்டால் 'இப்போது முடியாது, முன்பே சொல்லியிருக்க வேண்டும்' என்கிறார்கள். எப்போது கேட்பது சரி?

முந்தைய பதிலில் சொன்ன டி.பி.ஆர். கட்டத்தில். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஓர் அண்டர்பாஸைச் சேர்த்தால் அது 'வேலை அளவில் மாற்றம்' ஆகிவிடும். புது மதிப்பீடு, மேலிட ஒப்புதல், கூடுதல் நிதி, சில சமயம் கூடுதல் நிலம். சாலை திறந்த பிறகு என்றால் ஓடும் போக்குவரத்தைத் திருப்பிவிட்டுக் கட்ட வேண்டும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வரைபடத்தில் கோடாக இருக்கும்போது அதே அண்டர்பாஸ் எவ்வளவோ மலிவு.

கேட்கும்போது எந்த அளவு என்றும் சொல்லுங்கள். பஸ், லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் போக வேண்டுமென்றால் ஐந்தரை மீட்டர் உயரமுள்ள வாகனச் சுரங்கப்பாதை வேண்டும். சின்ன வண்டிக்கும் பாதசாரிக்கும் தனித்தனியாகக் குறைந்த அளவுகள் உண்டு. 'அண்டர்பாஸ் வேண்டும்' என்று மொட்டையாக எழுதிவிட்டு, பிறகு அறுவடை இயந்திரம் நுழையவில்லை என்று வருந்திய ஊர்கள் இருக்கின்றன. மழைநீர் எங்கே வடியும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். தண்ணீர் தேங்கும் அண்டர்பாஸை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். மறுபடி சாலையின் குறுக்கேதான் நடப்பார்கள்.

நிலம் எடுக்கப்போவதாகப் பேப்பரில் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியாகும், ஒன்று வட்டார மொழியில். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் 3சி பிரிவின் கீழ் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். பேப்பரில் பார்த்த நாளிலிருந்து எண்ணினால் தவறிவிடும். ஆட்சேபத்தைப் பெறுபவர் 'தகுதிவாய்ந்த அலுவலர்'. பெரும்பாலும் வருவாய்த் துறை அதிகாரி. நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேச உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

அடுத்தது 3டி அறிவிப்பு. அது வெளியான உடனே நிலம் சட்டப்படி மத்திய அரசின் கைக்குப் போய்விடும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு செல்லாது. இடையில் நீதிமன்றத் தடை இருந்தால் அந்த நாட்களைக் கழித்து எண்ணுவார்கள். சர்வே எண், பரப்பு, உரிமையாளர் பெயர் மூன்றையும் அறிவிப்பில் சரிபாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் உடனே மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். பணம் வரும் நேரத்தில் முதல் தடங்கல் இங்கேதான்.

நஷ்டஈடு அரசு வழிகாட்டி மதிப்புதானே? அதற்கு மேல் கிடைக்காது இல்லையா?

கிடைக்கும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு, 2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் பொருந்தும். சந்தை மதிப்பு, கிராமப்புறமானால் அதன் மேல் ஒரு பெருக்கல் காரணி, கிணறு, மரம், கட்டடத்துக்குத் தனி மதிப்பு, இவற்றின் மொத்தத்துக்கு மேல் 100 சதவீத ஆறுதல் தொகை. சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களையும் சந்தை மதிப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், நல்ல விலைக்குப் பதிவான பத்திரங்களின் நகலை நீங்களே சேகரித்துக் கொடுங்கள்.

1997க்கும் 2015க்கும் இடையில் நிலம் போனவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் இல்லை என்றிருந்தது. மற்ற சட்டங்களில் நிலம் இழந்தவருக்கு உண்டு, நெடுஞ்சாலைக்கு இழந்தவருக்கு மட்டும் இல்லையா என்று கேட்ட உச்ச நீதிமன்றம், தர்செம் சிங் வழக்கில் 2019இல் அந்தப் பாகுபாட்டை ரத்து செய்தது.

தொகை குறைவு. வாங்கிக்கொண்டால் வழக்கு போட முடியாமல் போகுமா?

தொகை ஏற்புடையதல்ல என்றால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி(5) பிரிவின் கீழ் நடுவரிடம் மனு செய்யலாம். மத்திய அரசு நியமிக்கும் நடுவர் அவர். நடைமுறையில் பெரும்பாலும் கலெக்டர். பணத்தைப் பெறும்போது 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நடுவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலம் எடுக்கலாமா? சேலம் எட்டு வழிச் சாலை வழக்கில் என்னதான் ஆனது?

277 கிலோமீட்டர் நீளச் சென்னை–சேலம் சாலைக்கான நில எடுப்பு அறிவிப்புகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசும் ஆணையமும் மேல்முறையீடு செய்தன. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை மாற்றியது: நிலம் எடுப்பதற்கான அறிவிப்பு வெளியிட முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன் கட்டாயம் வேண்டும்.

சட்டம் இப்போது அதுதான். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. நிலம் கைமாறிய பிறகு நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு, தடத்தை மாற்றச் சொல்லும் வலுவை இழந்துவிடுகிறது. ஆனாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே பேசியது பதிவாக வேண்டும், உங்களுக்குப் பதில் தரப்பட வேண்டும். மரம், ஏரி என்று மட்டும் பேசாமல், 'இந்தத் தடம் வந்தால் இத்தனை குழந்தைகள் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போக வேண்டும்' என்பதையும் அங்கே சொல்லலாம்.

ரோடு வேலை நடக்கும் டைவர்ஷனில் விழுந்து ஒருவர் இறந்துவிட்டார். கான்ட்ராக்டரைக் கேட்க முடியுமா?

முடியும். வேலை நடக்கும் இடத்தில் தடுப்பு, ஒளிரும் பலகை, இரவு விளக்கு, கொடிகாட்டி ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 55ஆம் சிறப்பு வெளியீடு விவரமாகச் சொல்கிறது. ஒப்பந்தத்திலேயே அது நிபந்தனை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 198ஏ என்ற பிரிவு வந்தது. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் யாராக இருந்தாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு இந்தத் தொகை மிகக் குறைவு. ஆனாலும் ஓட்டுநர் மேல் மட்டுமே பழி போட்டுக்கொண்டிருந்த சட்டம், சாலையைக் கட்டியவரையும் பார்க்கத் தொடங்கியது பெரிய மாற்றம்தான்.

இந்தப் பிரிவு தானாக வழக்கில் ஏறாது. புகாரில் நீங்கள் எழுத வேண்டும். அன்றிரவே படம் எடுங்கள். மறுநாள் காலையில் தடுப்புகள் புதிதாக முளைத்துவிடும்.

ஹேம், இ.பி.சி., பி.ஓ.டி. என்கிறார்களே. அது எனக்கு எதற்கு?

பள்ளம் விழுந்தால் யார் சரிசெய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பி.ஓ.டி. என்றால் தனியார் முதல் போட்டுக் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் டோல் வசூலித்துப் பராமரிப்பார். இ.பி.சி. என்றால் முழுப் பணமும் அரசுடையது. குறைபாட்டுக்கான பொறுப்புக் காலம் முடியும்வரை ஒப்பந்ததாரர் பழுது பார்க்க வேண்டும். 2016இல் வந்த ஹேம் இரண்டுக்கும் நடுவில்: 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தரும், மீதியை ஒப்பந்ததாரர் போட்டுவிட்டுத் தவணைகளாகத் திரும்பப் பெறுவார். உங்கள் பகுதி எந்த வகை, பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ரோடு முழுக்கப் பள்ளம். டோல் கட்டத்தான் வேண்டுமா?

கேட்டில் நின்று மறுத்தால் பயனில்லை. ஊழியருக்கு விலக்குத் தரும் அதிகாரம் இல்லை. ஆனால் நீதிமன்றம் தலையிட்டிருக்கிறது. கேரளத்தின் இடப்பள்ளி–மண்ணுத்தி சாலை நெரிசலாலும் பழுதாலும் ஓட முடியாத நிலையில் இருந்தபோது, பாலியக்கரையில் டோல் வசூலை 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கும் அந்த உத்தரவில் தலையிட மறுத்துவிட்டார்கள். 60 கிலோமீட்டருக்குள் இரண்டு டோல்கேட் கூடாது என்ற விதி 2008 கட்டண விதிகளில் உண்டு. ஆனால் காரணம் காட்டி விலக்குத் தரவும் அதே விதிகளில் இடம் இருக்கிறது.

ஹைவேயில் டாஸ்மாக் கூடாது என்று கோர்ட் சொல்லியும் கடை இருக்கிறதே?

தமிழ்நாடு அரசுக்கு எதிராக கே. பாலு நடத்திய வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பிறகு, மக்கள்தொகை 20,000 வரை உள்ள ஊர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்குப் பொருந்தாது என்றும் 2017இல் விளக்கம் வந்தது. நீங்கள் பார்க்கும் கடை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடிபட்டவரைத் தூக்கிப் போனால் கேஸில் மாட்டிவிடுவார்களே?

மாட்ட மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சிவில், குற்ற வழக்குகளிலிருந்து காக்கிறது. பெயரைச் சொல்லவும் கட்டாயமில்லை. செலவுக்குப் பயந்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது: ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 108ஐப் போலவே 1033ஐயும் அழைக்கலாம். கிலோமீட்டர் கல் எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது.

என் நிலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. கடைக்கு நேராக வழி வைத்துக்கொள்ளலாமா?

அனுமதி இல்லாமல் முடியாது. 2002ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் இருப்பதாலேயே அதில் நுழையும் உரிமை வந்துவிடாது. பெட்ரோல் பங்க்குக்கும் இதே சட்டம்தான்.

எங்கள் ஊர்க்காரர்களே மீடியனை உடைத்து வழி செய்துகொண்டார்கள். வேறு வழி இல்லை. தப்பா?

சட்டப்படி குற்றம். தேசிய நெடுஞ்சாலையைச் சேதப்படுத்தினால் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 8பி பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. அதைவிடப் பெரிய விஷயம், அந்த வழி ஆளைக் கொல்லும். வேகமாக வருபவருக்கு அங்கே திறப்பு இருப்பதே தெரியாது. பலகை இல்லை, திரும்புவதற்குத் தனித் தடம் இல்லை, செடி மறைத்திருக்கும். மூன்றாவது கேள்வியில் சொன்ன 180 மீட்டர் அங்கே யாருக்கும் கிடைக்காது.

ஆனால் அந்த உடைப்பு அங்கே ஒரு தேவை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அதை மூடிவிட்டுப் போகும் அதிகாரி பாதி வேலையைத்தான் செய்கிறார். கொஞ்ச நாளில் ஐம்பது அடி தள்ளி இன்னொன்று உடையும். அதனால் இப்படிச் செய்யுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் ஒரு வாரம் அங்கே நின்று, எத்தனை பேர், எத்தனை சைக்கிள், பைக், டிராக்டர், மாடு கடக்கின்றன என்று எழுதுங்கள். பக்கத்து அண்டர்பாஸுக்கு இரு பக்கமும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். மூன்று ஆண்டு விபத்துகளின் முதல் தகவல் அறிக்கை எண்களைச் சேருங்கள். கிராம சபைத் தீர்மானத்தோடு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் திட்ட இயக்குநருக்கும் கொடுங்கள். உடனடியாக நடைமேம்பாலமோ, சர்வீஸ் ரோட்டை அண்டர்பாஸ் வரை நீட்டுவதோ, நிரந்தரமாகச் சுரங்கப்பாதையோ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். அப்போதுதான் ஒன்றை மறுத்தால் அடுத்ததற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். பதில் வரும்வரை, பள்ளி விடும் நேரத்தில் அந்த உடைப்பருகே பெரியவர்கள் இரண்டு பேராவது நின்று பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.